முரண்டு பிடிக்கும் எஞ்சின்: கைப்பிடி முதல் சாவி வரை

பழைய மோட்டார் கார்களை ஆசையோடு பேணி வருபவர்களிடம் பேசினால் இரண்டு வகையான முறையீடுகளைக் கேட்கலாம். "கிளம்பிவிட்டால் நன்றாகத்தான் ஓடுகிறது; ஆனால் காலையில் கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது" என்பார் ஒருவர். "காலையில் ஒரே திருப்பில் கிளம்பிவிடும், வழியில் தேநீர் குடிக்க நிறுத்தினால் மறுபடி கிளம்பாது" என்பார் மற்றொருவர். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒரே நோய். காரணங்களோ வெவ்வேறு. இவற்றைப் பிரித்தறியாமல் பிளக்கை மாற்று, காயிலை மாற்று, கார்புரேட்டரைக் கழற்று என்று இறங்கினால் பணம் கரையும், நோய் தீராது.

மோட்டார் காரின் ஒவ்வொரு உறுப்பும் ஏதோ ஒரு காலத்தில் யாரோ சந்தித்த ஒரு தொல்லைக்கு விடையாகப் பிறந்தது. எந்தத் தொல்லைக்கு எந்த உறுப்பு பிறந்தது என்று தெரிந்தால், அந்த உறுப்பு பழுதாகும்போது எந்தத் தொல்லை திரும்பி வரும் என்பதும் தெரியும். ஆகவே, எஞ்சினைக் கிளப்பும் கலையின் வரலாற்றை அறிவது, பழுது பார்க்கும் வழியை அறிவதும் ஆகும்.

தானாகத் தொடங்க முடியாத எந்திரம்

நீராவி எஞ்சினில் கொதிகலன் அழுத்தத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. வால்வைத் திறந்தால் போதும், பிஸ்டன் நகரும். மின் மோட்டாருக்கு மின்னோட்டம் கொடுத்தவுடன் நின்ற நிலையிலிருந்தே சுழலும். பெட்ரோல் எஞ்சினுக்கு இந்த ஆற்றல் கிடையாது. ஜெர்மனியைச் சேர்ந்த நிகோலஸ் ஆட்டோ 1876-ஆம் ஆண்டு செய்து காட்டிய நான்கு வீச்சு எஞ்சினில், உறிஞ்சுதல், அமுக்குதல், எரிந்து தள்ளுதல், வெளியேற்றுதல் என்ற நான்கில் ஒன்றுதான் வேலை தருகிறது. அந்த வேலை வீச்சு வருவதற்கு முன் உறிஞ்சலும் அமுக்கலும் நடந்தாக வேண்டும். ஓடும் எஞ்சினில் முந்தைய வீச்சின் ஆற்றலைச் சுமந்திருக்கும் சுழற்சக்கரம் இதைச் செய்கிறது. நிற்கும் எஞ்சினில்? வெளியிலிருந்து யாரேனும் செய்ய வேண்டும்.

அப்படிச் சுழற்றும்போது மூன்று பொருத்தங்கள் கூடி வர வேண்டும். எரியக்கூடிய விகிதத்தில் காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்திருக்க வேண்டும். அந்தக் கலவை போதுமான அளவு அமுக்கப்பட வேண்டும். சரியான நொடியில் வலுவான தீப்பொறி விழ வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் எஞ்சின் கிளம்பாது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கண்டுபிடிப்பாளர்கள் போராடியது இந்த மூன்றோடுதான்.

முதல் பழுது பார்த்தவர் ஒரு பெண்

கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 1886 சனவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவ்வண்டிக்குக் கைப்பிடியும் இல்லை, சாவியும் இல்லை. பின்புறம் படுக்கை வசமாக இருந்த பெரிய சுழற்சக்கரத்தைக் கையால் பிடித்துச் சுழற்றித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும்.

1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமலேயே இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்குப் புறப்பட்டார். தொலைவு ஏறத்தாழ 100 கி.மீ. வழியில் எரிபொருள் குறைந்தபோது வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக் கடையில் லிக்ராயின் என்ற பெட்ரோலிய நீர்மத்தை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் குத்தியிருந்த ஊசியால் குத்தி எடுத்தார். மின்கம்பி ஒன்று உறை தேய்ந்து மின்கசிவு உண்டானது. காலுறைப் பட்டியைச் சுற்றிக் காப்பிட்டார்.

சுவையான கதை என்பதோடு இதை விட்டுவிடக் கூடாது. ஊசி எரிபொருள் பழுதுக்கு, பட்டி மின்பழுதுக்கு. இன்றும் கிளம்பாத காரின் முன்மூடியைத் திறக்கும் கைதேர்ந்த மெக்கானிக் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: குறை பெட்ரோலிலா, மின்சாரத்திலா? விடை காணும் வழியும் எளிது. சில முறை சுழற்றிப் பார்த்துவிட்டு ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை பெட்ரோலால் நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது, பொறிதான் சரியில்லை. காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை.

தீப்பொறியின் கதை

அமுக்கப்பட்ட கலவைக்கு உருளையின் உள்ளே தீ வைப்பது எப்படி? கோட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் ஒரு சிறு குழாயை விளக்குச் சுடரால் செஞ்சூடாக்கி, அதன் சூட்டில் கலவையைப் பற்றவைத்தார்கள். எப்போது பற்ற வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்த இதில் வழியில்லை. பெட்ரோல் வண்டியில் திறந்த சுடரைச் சுமந்து செல்வதன் ஆபத்தைச் சொல்லவும் வேண்டுமா?

மின்பொறிக்கான விதை 1831-லேயே விழுந்துவிட்டது. அவ்வாண்டில் மைக்கேல் ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டார். காந்தப் பாயம் எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அவ்வளவு உயர்ந்த மின்னழுத்தம் தூண்டப்படும் என்பது அவ்விதி. சில நூறு சுற்றுகள் உடைய முதன்மைச் சுருளில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரெனத் துண்டித்தால், பல்லாயிரம் சுற்றுகள் உடைய துணைச் சுருளில் பல்லாயிரம் வோல்ட் எழும். பாரிஸ் நகரில் கருவிகள் செய்து வந்த ரூம்கார்ஃப் இத்தகைய தூண்டு சுருள்களைச் சிறப்பாகச் செய்து புகழ்பெற்றார். 1860-இல் லெனுவார் தம் வாயு எஞ்சினில் மின்பொறி உண்டாக்கப் பயன்படுத்தியதும் இந்தச் சுருளையே. நம் காரின் காயில் அதன் நேர்வழி வாரிசு.

"திடீரென" என்ற சொல்லில்தான் சிக்கல் இருந்தது. இணைமுனைகளைப் பிரித்தாலும் மின்னோட்டம் உடனே நிற்பதில்லை. முனைகளுக்கிடையே சிறு மின்வில்லாகப் பாய்ந்து தொடர முயல்கிறது. ஆற்றலின் பெரும்பகுதி அங்கேயே வீணாகிறது, முனைகளும் தீய்கின்றன. 1853-இல் பிரெஞ்சு இயற்பியலறிஞர் ஃபிஸோ இதற்கு ஒரு மாற்று சொன்னார். இணைமுனைகளுக்குக் குறுக்கே ஒரு மின்தேக்கியை இணைத்தால், துண்டிக்கும் நொடியில் மின்னோட்டம் அதற்குள் பாயும், வில் தோன்றாது, காந்தப் பாயம் சட்டென்று சரியும். ஒளியின் வேகத்தைப் பூமியின் மேலேயே அளந்து காட்டிய அதே ஃபிஸோதான் இவர்.

பட்டறையில் "கண்டன்சர்" என்று சொல்லப்படும் விரல் பருமனுள்ள சிறு உருளை ஃபிஸோவின் அந்த மின்தேக்கியே. அதன் ஏற்புத்திறன் ஒரு மைக்ரோஃபாரடின் ஐந்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். அது கெட்டுப்போனால் ஃபிஸோவுக்கு முந்தைய காலத்துத் தொல்லை அப்படியே திரும்பி வரும்: பாயிண்டுகளில் கண்ணுக்குத் தெரியும் தீப்பொறி, கருகிக் குழிவிழுந்த முனைகள், பிளக்கில் மட்டும் மெலிந்து மஞ்சளான பொறி. பாயிண்டை எத்தனை முறை தேய்த்துச் சீராக்கினாலும் சில நாட்களில் மறுபடி கருகுகிறது என்றால், குற்றவாளி பாயிண்டு அல்ல, அதன் பக்கத்திலிருக்கும் கண்டன்சர்.

காந்த எந்திரமும் அதன் குறையும்

அக்கால மின்கலங்கள் நம்பத் தகுந்தவை அல்ல. ஆகவே மின்கலமே இல்லாமல், எஞ்சினின் சுழற்சியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் மாக்னெட்டோவை நாடினார்கள். ராபர்ட் போஷின் நிறுவனத்தில் பணியாற்றிய கோட்லோப் ஹோனால்ட் 1902-இல் உயர் மின்னழுத்த மாக்னெட்டோவை உருவாக்கினார். மோட்டார் உலகம் அதை விரும்பி ஏற்றது.

ஆனால் ஃபாரடேயின் விதி இங்கும் தன் கணக்கைக் கேட்டது. மாக்னெட்டோவின் மின்னழுத்தம் சுழலும் வேகத்தைப் பொறுத்தது. ஓடும் எஞ்சினில் பொறி அருமையாக இருக்கும். கையால் மெல்லச் சுழற்றும்போது, அதாவது பொறி மிகவும் தேவைப்படும் நேரத்தில், மெலிந்துபோகும். சில மாக்னெட்டோக்களில் ஒரு வில்லை வைத்து இதற்குத் தீர்வு கண்டார்கள். எஞ்சின் மெல்லச் சுழல, வில் முறுக்கேறி நிற்கும். குறித்த இடத்தில் விடுபட்டு மாக்னெட்டோவை ஒரு சுண்டு சுண்டும். அந்த ஒரு கணம் வேகம் கிடைக்கும்; பொறியும் கிடைக்கும். "டக், டக்" என்று அது விடுபடும் ஓசையைப் பழைய டிராக்டர்களில் கேட்டவர்கள் உண்டு.

கை ஒடித்த கைப்பிடி

1908-இல் வெளிவந்து 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்ற ஃபோர்டு 'டி' மாடல் காரைக் கிளப்புவது ஒரு சடங்கு. முன்புறம் கைப்பிடி. ரேடியேட்டரின் அருகில் சோக் கம்பியின் வளையம். ஸ்டீயரிங் சக்கரத்தின் கீழே, பொறி விழும் நேரத்தை முன்பின்னாக மாற்ற ஒரு நெம்பி. சுழற்றுவதற்கு முன் அந்த நெம்பியைப் பொறி தாமதமாக விழும் நிலைக்குத் தள்ளிவைக்க வேண்டும். மறந்தால், பிஸ்டன் மேலே ஏறி முடிப்பதற்குள் கலவை பற்றிக்கொள்ளும். எஞ்சின் பின்பக்கமாக உதைக்கும். கைப்பிடி சுழன்று அடிக்கும். மணிக்கட்டுக்கு மேலே ஆர எலும்பின் நுனி முறிவதற்கு மருத்துவர்கள் "ஓட்டுநர் முறிவு" என்றே பெயர் வைக்கும் அளவுக்கு இது நடந்தது. கட்டைவிரலைக் கைப்பிடியின் மறுபக்கம் வளைத்துப் பிடிக்காமல், மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று அனுபவசாலிகள் கற்பித்தது இதனால்தான். கைப்பிடி உள்ள காரை இன்றும் வைத்திருப்பவர்கள் மறக்கக் கூடாத பாடம் இது.

குளிர்காலத்தில் இன்னொரு தொல்லை. டி மாடலின் கிளட்ச் தகடுகள் எஞ்சின் எண்ணெயிலேயே மூழ்கியிருந்தன. குளிரில் எண்ணெய் தேன்போல் இறுகி, கிளட்சை விலக்கினாலும் தகடுகளைப் பிடித்துக்கொள்ளும். எஞ்சினைச் சுழற்றுபவர் வண்டி முழுவதையுமே சேர்த்துச் சுழற்ற வேண்டியதாகும். ஆகவே பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்கி நிறுத்திவிட்டுக் கைப்பிடியைச் சுழற்றினார்கள். உதகையில் சனவரி மாதக் காலையில் ஒரு பழைய வண்டி கனத்துச் சுழல்வதற்கும் எண்ணெயின் இந்தப் பாகுநிலையே ஒரு காரணம். நூல் குறிப்பிடும் தரத்தைவிடக் கெட்டியான எண்ணெயை ஊற்றி வைத்திருப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கைப்பிடி வெறும் தொல்லையாக மட்டும் நிற்கவில்லை; மோட்டார் காரின் எதிர்காலமே அதில் ஊசலாடியது. 1900-இல் அமெரிக்காவில் செய்யப்பட்ட 4,192 கார்களில் நீராவிக் கார்கள் 1,681. மின்சாரக் கார்கள் 1,575. பெட்ரோல் கார்கள் 936 மட்டுமே. மின்சாரக் காரில் ஏறி உட்கார்ந்து நெம்பியைத் தள்ளினால் போதும். வலிமை குறைந்தவர்களும் வயதானவர்களும் தாமே ஓட்டலாம். பெட்ரோல் காரை உலகெங்கும் பரப்பிய ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே ஓட்டி வந்தது டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்ற மின்சாரக் காரைத்தான்!

கல்லாப்பெட்டி தந்த யோசனை

காடிலாக் கார் நிறுவனத்தின் தலைவர் ஹென்றி லேலண்ட். அவருடைய நண்பரும் கார் தயாரிப்பாளருமான பைரன் கார்ட்டர், வழியில் நின்றுபோன ஒரு பெண்ணின் காரைக் கிளப்ப உதவியபோது கைப்பிடி உதைத்து முகத்தில் காயமுற்று, அதன் விளைவாக இறந்தார் என்றொரு செய்தி மோட்டார் வரலாறுகளில் வழங்கி வருகிறது. கதையின் நுணுக்கங்கள் எப்படியாயினும், கைப்பிடியை ஒழித்துவிட வேண்டும் என்று லேலண்ட் முனைந்தார். வேலை சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியாளரிடம் வந்தது. டெல்கோ நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவர் இவர். மின்கலம், காயில், ஒற்றைப் பொறி ஆகியவற்றைக் கொண்ட பற்றவைப்பு முறையைக் காடிலாக் கார்களுக்கு ஏற்கெனவே அளித்திருந்தார்.

எஞ்சினைச் சுழற்றப் போதுமான மின் மோட்டார், எஞ்சின் அளவுக்கே பெரிதாக இருக்கும் என்பது அன்றைய வல்லுநர்களின் கணக்கு. கெட்டரிங் அதற்கு முன் நேஷனல் காஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றியவர். கடைகளின் கல்லாப்பெட்டியை மின்சாரத்தால் இயக்க ஒரு சிறு மோட்டாரை அமைத்திருந்தார். பெட்டியைத் திறக்கும் அந்த ஓரிரு நொடிக்கு மட்டும் மோட்டார் தன் தகுதிக்கு மீறிய விசையைக் கொடுக்கும். பிறகு ஓய்வெடுத்துச் சூடு ஆறும். நாள் முழுவதும் ஓட வேண்டிய மோட்டாருக்குத்தான் பெரிய உடல் வேண்டும். சில நொடிகள் மட்டும் உழைக்க வேண்டிய மோட்டார் சிறிதாகவே இருக்கலாம். இந்த எண்ணத்தைக் காருக்கு மாற்றினார். 1911-இல் அது செய்து காட்டப்பட்டது. 1912-ஆம் ஆண்டுக்கான காடிலாக் கார்களில் இடம்பெற்றது. அதே எந்திரம் எஞ்சின் ஓடும்போது மின்னாக்கியாக மாறி மின்கலத்தை மீண்டும் நிரப்பவும் செய்தது.

டி மாடலில் மின் ஸ்டார்ட்டர் 1919-இல் வந்தது. கைப்பிடி துணைக்கருவியாகச் சுருங்கியது. மின்சாரக் கார்கள் சந்தையிலிருந்து மறைந்ததற்கு இருந்த காரணங்களில் இந்தச் சிறு மின் மோட்டாரும் ஒன்று என்பது வரலாற்றின் வேடிக்கை. நம் நாட்டில் 1961-இல் தொடங்கப்பட்டுச் சென்னைப் பாடியில் ஆலை அமைத்த லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம், ஸ்டார்ட்டர் மோட்டார்களையும் டிஸ்டிரிபியூட்டர்களையும் செய்தளித்தது. இவை கெட்டரிங் முறையின் வாரிசுகளே.

இரு பிள்ளைகளுக்கு ஒரு தாய்

கெட்டரிங்கின் ஏற்பாட்டில் ஒரு நுட்பமான பலவீனம் உண்டு. பழைய கார்களின் கிளப்புத் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் அங்கேதான். ஸ்டார்ட்டருக்கும் பொறிக்கும் ஒரே மின்கலம். ஸ்டார்ட்டரோ பசி மிகுந்த பிள்ளை. 12 வோல்ட் மின்கலத்திலிருந்து 150 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். அந்த இழுப்பில் மின்னழுத்தம் சரியும். பொறிக்குக் கிடைப்பது மிச்சம்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காயிலின் முதன்மைச் சுருள் மின்தடை 3 ஓம் என்க. 12 வோல்ட் கிடைத்தால் அதில் 4 ஆம்பியர் ஓடும். சுழற்றும்போது 9 வோல்டாகக் குறைந்தால் ஓடுவது 3 ஆம்பியர். காந்தப் புலத்தில் சேமிக்கப்படும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. ஆகவே 16 பங்கு இருக்க வேண்டிய ஆற்றல் 9 பங்காகிறது. மின்னழுத்தத்தில் கால் பங்குதான் குறைந்தது. பொறியின் ஆற்றலில் பாதிக்கு அருகில் போய்விட்டது! நலிந்த மின்கலத்தில் 6 வோல்டாகச் சரிந்தால், கால் பங்கு ஆற்றல்தான் எஞ்சும்.

சாவியால் கிளம்ப மறுக்கும் வண்டியை நாலு பேர் தள்ளினால் கிளம்பிவிடுகிறதே, அதன் இரகசியம் இப்போது விளங்கும். தள்ளும்போது ஸ்டார்ட்டர் மின்சாரம் குடிப்பதில்லை. மின்கலம் நலிந்திருந்தாலும் கிடைப்பதெல்லாம் காயிலுக்கே போகிறது. ஆகவே "தள்ளினால் கிளம்புகிறது" என்பது ஒரு முக்கியமான சாட்சியம். பெட்ரோல் வருகிறது, அமுக்கம் இருக்கிறது, பொறியமைப்பும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. மின்கலத்தையோ, ஸ்டார்ட்டரையோ, இடையிலுள்ள கம்பிகளையோ பார்க்க வேண்டும் என்று அது சொல்கிறது.

கம்பிகளை ஏன் பார்க்க வேண்டும்? மின்கல முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் உப்பு, ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு மின்தடையை உண்டாக்கினாலும் போதும். 200 ஆம்பியர் பாயும்போது அங்கே மட்டும் 2 வோல்ட் இழக்கப்படும். 400 வாட் வெப்பமாக வீணாகும். முகப்பு விளக்குக்கு அந்த மின்தடை ஒரு பொருட்டே அல்ல. விளக்கு பளிச்சென்று எரியும். "விளக்கு நன்றாக எரிகிறதே, மின்கலம் சரிதான்" என்று முடிவு கட்டுவது இதனால்தான் தவறாகிவிடுகிறது. விளக்கைப் போட்டுக்கொண்டே ஸ்டார்ட்டரை இயக்கிப் பாருங்கள். பிறகு முனைகளைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும் முனைதான் பழுதான முனை. எஞ்சினுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையிலுள்ள தரைக்கம்பியும் இந்தச் சோதனைக்குத் தப்பக் கூடாது.

இந்தப் பலவீனத்துக்குப் பொறியாளர்கள் பின்னாளில் ஒரு தந்திரம் செய்தார்கள். காயிலைக் குறைந்த மின்னழுத்தத்திலேயே முழுத்திறனுடன் இயங்குமாறு அமைத்து, சாதாரண ஓட்டத்தில் ஒரு தொடர் மின்தடை வழியாக மின்சாரம் தந்தார்கள். சாவியைத் திருப்பும்போது மட்டும் மின்தடையைத் தாண்டி நேராகத் தந்தார்கள். இந்த அமைப்புள்ள வண்டியில் ஒரு விசித்திரப் பழுது வரும்: சாவி திருப்பிய நிலையில் எஞ்சின் பற்றுகிறது, கையை விட்டதும் அணைகிறது. அந்தத் தொடர் மின்தடையே அறுந்துபோயிருக்கும்.

வெளியே தெரியும் பொறியை நம்பலாமா?

பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடலில் சாய்த்து வைத்துச் சுழற்றுகிறோம். பொறி தெரிகிறது. மாட்டினால் எஞ்சின் பேசவில்லை. இந்தப் புதிருக்கு விடை 1889-இல் ஜெர்மானிய இயற்பியலறிஞர் ஃப்ரீட்ரிக் பாஷென் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. ஒரு வாயுவில் பொறி பாயத் தேவையான மின்னழுத்தம், முனைகளுக்கிடையிலுள்ள தொலைவை மட்டும் பொறுத்ததல்ல. அழுத்தத்தையும் தொலைவையும் பெருக்கி வரும் மதிப்பைப் பொறுத்தது.

பிளக்கின் இடைவெளி 0.6 மி.மீ. என்றால் திறந்த வெளியில் ஏறத்தாழ 3,000 வோல்ட் போதும். உருளைக்குள் அமுக்கப்பட்டு அடர்ந்த கலவையில் அதே இடைவெளிக்கு 10,000 வோல்டுக்கு மேல் தேவைப்படலாம். நலிந்த காயில் வெளியே பொறி காட்டும், உள்ளே தோற்கும். ஆகவே அனுபவமுள்ளவர்கள் உயரழுத்தக் கம்பியின் நுனியை எஞ்சின் உடலிலிருந்து 6 மி.மீ. தள்ளிப் பிடித்து, அந்த அகன்ற இடைவெளியை நீலப் பொறி உறுதியாகத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள். அழுத்தத்தைக் கூட்ட முடியாத இடத்தில் தொலைவைக் கூட்டுகிறார்கள்! பாஷெனின் பெயரைக் கேள்விப்படாமலேயே அவருடைய விதியைப் பட்டறையில் கையாண்டவர்கள் எத்தனையோ பேர். இச்சோதனையைச் செய்யும்போது காப்பிட்ட கொறடைப் பயன்படுத்துங்கள். பக்கத்தில் பெட்ரோல் கசிவோ ஆவியோ இருக்கக் கூடாது.

பெட்ரோல் என்ற கலவை

இனி எரிபொருள் பக்கம் வருவோம். பெட்ரோலை நுண்துளிகளாகத் தெளிக்கும் கார்புரேட்டரை மைபாக் 1893-இல் அமைத்தார். துளிகள் எரிவதில்லை, ஆவிதான் எரிகிறது. ஒரு பங்கு பெட்ரோல் ஆவி முழுமையாக எரிய எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது சரியான ஆவிக் கலவை கிடைக்க ஐந்து மடங்கு பெட்ரோல் கொடுக்க வேண்டும். காற்று வழியை அடைத்து உறிஞ்சலைக் கூட்டும் சோக் தகடு செய்வது அதைத்தான். காலையில் மட்டும் தொல்லை என்றால் சோக் கம்பி தகட்டை முழுதாக மூடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

பெட்ரோல் ஒரே பொருள் அல்ல. பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. 40 பாகை செல்சியசுக்குக் கீழேயே கொதிக்கத் தொடங்கும் இலேசான பகுதிகளும், 200 பாகைக்கு அருகில் கொதிக்கும் கனமான பகுதிகளும் அதில் உண்டு. குளிரில் எஞ்சினைக் கிளப்புவது இலேசான பகுதிகள்தான். பல மாதங்கள் நின்ற வண்டியில் முதலில் பறந்துபோவதும் அவையே. மிஞ்சும் கனமான பெட்ரோலை எந்தப் பொறியும் எளிதில் பற்றவைக்காது. பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றிப் பார்ப்பது எளிய வைத்தியம். சில வாரங்களே நின்றிருந்தாலும் கார்புரேட்டர் கிண்ணம் உலர்ந்திருக்கும். பம்பில் கை நெம்பி இருந்தால் அதை அழுத்திக் கிண்ணத்தை நிரப்பிக்கொண்டால் மின்கலம் பிழைக்கும். கார்புரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றிக் கிளப்புவதை மட்டும் செய்யாதீர்கள். எஞ்சின் பின்னோக்கி வெடித்தால் தீ முகத்தில் அடிக்கும்.

தேநீர்க் கடையில் நின்ற வண்டியின் கதை வேறு. ஓடும்போது காற்றும் நீரும் சூட்டை எடுத்துச் செல்கின்றன. நிறுத்தியதும் அவை நின்றுவிட, எஞ்சினின் சூடு மேலே ஏறிக் கார்புரேட்டரையும் பம்பையும் தாக்குகிறது. பம்பில் பெட்ரோல் கொதித்து ஆவிக் குமிழ் அடைத்துக்கொண்டால் பெட்ரோல் வராது. நம் ஓட்டுநர்கள் பம்பின் மேல் ஈரத்துணி போடுவது ஆவியாதலின் உள்ளுறை வெப்பத்தைப் பயன்படுத்தும் நல்ல இயற்பியல். மாறாக, கிண்ணத்திலிருந்த பெட்ரோல் கொதித்து வழிந்து உள்வழியை நிரப்பிவிட்டால், கலவை எரிய முடியாத அளவு செறிந்துவிடும். அப்போது சோக் போடுவது எரியும் நெருப்பில் எண்ணெய் வார்ப்பது போல. ஆக்சிலரேட்டரைப் பம்பு அடிக்காமல் முழுதும் மிதித்தபடியே வைத்துச் சுழற்ற வேண்டும். காற்று புகுந்து மிகுதியை வெளியேற்றும்.

நம் நாட்டில் 2025-இல் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் 78 பாகையில் கொதிக்கிறது; ஆவியாகப் பெட்ரோலைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பத்தை எடுக்கிறது; எரியக் குறைந்த காற்றே போதும் என்பதால் பழைய ஜெட் அளவில் கலவை மெலிந்துவிடுகிறது. காற்றின் ஈரத்தையும் ஈர்க்கிறது. பழைய ரப்பர்க் குழாய்களும் பம்பின் சவ்வுகளும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பழைய கார் வைத்திருப்பவர்கள் அவற்றை எத்தனால் தாங்கும் வகையாக மாற்றிவிடுவது நல்லது. பெட்ரோல் கசிவு என்பது கிளப்புத் தொல்லையைவிடப் பெரிய ஆபத்து.

ஆராயும் ஒழுங்கு

வரலாறு கற்பித்தவற்றைத் தொகுத்தால் ஓர் ஒழுங்கு கிடைக்கிறது.

1. மெல்லச் சுழல்கிறதா? மின்கலம், முனைகள், தரைக்கம்பி, எண்ணெயின் கெட்டித்தன்மை.

2. நன்றாகச் சுழன்றும் பற்றவில்லையா? பிளக்கைக் கழற்றுக. காய்ந்திருந்தால் பெட்ரோல் வழி. நனைந்திருந்தால் பொறி வழி.

3. பொறி மெலிந்ததா? பாயிண்டின் இடைவெளி, கண்டன்சர், காயில், டிஸ்டிரிபியூட்டர் மூடியின் ஈரமும் விரிசலும்.

4. பொறியும் பெட்ரோலும் இருந்தும் பற்றவில்லையா? பொறி விழும் நேரம்; பிறகு அமுக்கம். அமுக்கமானியில் அளவு குறைந்தால் உருளைக்குள் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளந்து பார்க்கவும். அளவு ஏறினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன. ஏறாவிட்டால் வால்வுகள் சரியாக அமரவில்லை.

5. சூட்டில் மட்டும் தொல்லையா? ஆவிக் குமிழ், வழியும் கிண்ணம், சூடேறினால் பழுதாகும் காயிலும் கண்டன்சரும்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். மூன்று பொருள்களை ஒன்றாக மாற்றி எஞ்சின் கிளம்பினால், கிளப்பியது எது என்று ஒருபோதும் தெரியாது. ஆய்வுக்கூடத்தில் மற்றவற்றை மாறாமல் வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கிறோம் அல்லவா? அதே நெறிதான்.

1970-களில் மின்னணுப் பற்றவைப்பு பாயிண்டுகளையும் அவற்றோடு ஃபிஸோவின் மின்தேக்கியையும் கார்களிலிருந்து விலக்கத் தொடங்கியது. பின்னர் எரிபொருள் தெளிப்பு முறை கார்புரேட்டரையும் சோக்கையும் விலக்கியது. அம்பாசிடர் காரின் உற்பத்தியும் 2014-இல் நின்றது. ஆனால் எஞ்சினைச் சுழற்றவும், பின் அதனாலேயே சுழன்று மின்கலத்தை நிரப்பவும் ஒரே எந்திரம் என்ற கெட்டரிங்கின் 1912-ஆம் ஆண்டு ஏற்பாடு, இன்று பெட்ரோலும் மின்சாரமும் கலந்தோடும் கார்களில் புது வடிவில் வந்திருக்கிறது. முன்மூடிக்குக் கீழே உறுப்புகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஃபாரடேயின் விதியும், பாஷெனின் விதியும், ஆவியாதலின் விதியும் அப்படியே இருக்கின்றன. அவற்றைத் தெரிந்தவருக்கு எந்தக் காலத்து எஞ்சினும் தன் குறையைத் தானே எடுத்துச் சொல்லும்.